புளோயர் இழுக்கவில்லை

அக்டோபர் 14, திங்கள்

புளோயர் இழுக்கவில்லை. ஓடுகிறது, சத்தம் போடுகிறது, கரண்டைத் தின்கிறது. தூசியை மட்டும் தொடமாட்டேன் என்கிறது.

நான் மில்லில் முப்பத்தொரு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன். பழுது என்று வந்தால் முதலில் நோட்டில் தேதி போட்டு எழுது என்பது அங்கே பழகிய பழக்கம். இந்த நோட்டு அதற்குத்தான். புளோயரைப் பற்றி மட்டும் எழுதுவேன், வீட்டுக் கதை எதுவும் இதில் வராது.

வீட்டின் சமையலறைக்குப் பின்னால் ஷெட். உள்ளே ரம்ப மெஷின், இழைப்பு மெஷின், தேய்க்கும் மெஷின். மூன்றிலிருந்தும் பைப் போய் மூலையில் இருக்கும் புளோயரில் சேர்கிறது. அது தூசியை உறிஞ்சி, காற்றைத் துணிப்பை வழியாக வெளியே விட்டு, தூசியைக் கீழே இன்னொரு பையில் கொட்டும். ஆயுதபூஜைக்கு முன்புவரை பைப் வாயில் செய்தித்தாளைக் காட்டினால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து இன்றுதான் முழுநாள் வேலை. தாள் லேசாக ஆடுகிறது, அவ்வளவுதான். மத்தியானம் சமையலறை மேடையில் ருக்குமணி கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் விரலால் கோடு போடலாம் போல மரத்தூள் படிந்திருந்தது.

இந்த நேரத்தில்தானா இது மக்கர் பண்ண வேண்டும்? மகள் பிருந்தாவுக்கு ஏழாம் மாதம். நவம்பர் 10 கட்டுச்சோத்து விருந்து. கோயமுத்தூரிலிருந்து சோறு கட்டிக்கொண்டு திருப்பூர் போய், தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்து வர வேண்டும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். போன வாரம் மாப்பிள்ளை நவநீதன் போனில் இழுத்து இழுத்துப் பேசினார். “மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. டாக்டரம்மா தூசியே ஆகாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. ஷெட்டு ஓடற ஊடுன்னா, பிரசவம் இங்கயே பாத்துக்கலாமுங்க.”

“பத்தாந்தேதிக்குள்ள என்ற ஊட்டுல ஒரு சிட்டிகை தூசி இருந்துச்சுன்னா புள்ளையக் கூப்புடவே மாட்டனுங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். வார்த்தை கொடுத்தாகிவிட்டது.

ருக்குமணி கேட்கிறாள், ஆறு மாதம் ஷெட்டைப் பூட்டினால் என்ன என்று. பூட்டினால் என்ன அர்த்தம்? பிருந்தாவுக்கு வந்ததெல்லாம் என் தூசியால்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. மாட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

கீழ்ப்பையைக் காலி செய்தேன். பாதிகூட நிறையவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் பைப்பில் ஒரு தகட்டுக் கதவு உண்டு, வேலை செய்யாத மெஷினின் கதவை அடைத்து வைக்க. இழைப்பு மெஷினின் கதவு பிசின் பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சரிசெய்தேன். முன்னேற்றம் இல்லை.

அக்டோபர் 16, புதன்

மழை. குற்றவாளி அகப்பட்டுவிட்டது. துணிப்பை!

பூஜைக்கு முந்தின நாள் ருக்குமணி அதைச் சோப்புத்தூளில் ஊறவைத்து அடித்துத் துவைத்திருக்கிறாள். ஈரம் பட்டால் உள்ளே இருக்கிற தூசி களியாகி நூலுக்கு நூல் அடைத்துக்கொள்ளும். காற்று எப்படிப் போகும்? அன்று நான் புளோயரைக் கழற்றி இறக்கிப் பச்சைப் பெயின்ட் அடித்து மாட்டுகிற மும்முரத்தில் இருந்தேன். பார்த்திருந்தால் அவள் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன்.

“ஏனுங்க, நீங்கதானுங்களே அழுக்குத் துணியோட கொண்டாந்து போட்டீங்க?”

“போட்டாத் தொவைச்சுருவியா? இது என்ற சட்டையா?”

“சாமி கும்பிடறப்ப அழுக்கா வெக்க முடியுங்களா?”

கன்னாபின்னாவென்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. கடைசியில் அவள் பையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “என்னாலதான் புள்ள வராமப் போயிருமாட்ட இருக்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பையை உதறி, குச்சியால் தட்டி, வெயிலில் போட்டு எடுத்தும் பிரயோஜனம் இல்லை. பைப்பையும் பார்த்துவிடலாம் என்று மூட்டு மூட்டாகக் கழற்றினேன். ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போனது. இரண்டாவது வளைவில் ஒரு முழம் செவ்வந்திச் சரம் சுருண்டு கிடந்தது, அதைச் சுற்றி மரச்சுருள் பந்தாகப் பிடித்திருந்தது. பூஜைக்குப் போட்ட மாலை! அடி சக்கை என்று தனியாகவே கத்தினேன்.

மறுபடி எல்லாவற்றையும் மாட்டி ஓட்டினேன். தாள் கொஞ்சம் கூடுதலாக ஆடியது. பிடுங்கவில்லை. தட்டில் தூள் அப்படியே. இன்னும் இருபத்திமூன்று நாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

ருக்குமணி சம்பந்தியம்மாவிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினாள். பிருந்தாவுக்கு ஒன்பது வயதில் வந்த அந்த வீசிங் கதையை மறுபடி எடுத்துவிட்டாள். “நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டனுங்க. புள்ள ஷெட்டுக் கதவுகிட்ட நின்னு கூப்பிட்டிருக்குது. பாவம், மெஷின் சத்தத்துல இவுங்களுக்குக் கேக்கவே இல்ல. அப்பறம் ரண்டு நாளு ஆக்சிசன் வெச்சுக் காப்பாத்துனாங்க. இவுங்க அந்த ரண்டு நாளும் பச்சைத்தண்ணி பல்லுல படல.”

எத்தனை தடவைதான் இதைச் சொல்வாள்? கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் இதே கதை. என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. நட்டு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

லூர்து வந்தான். மோட்டார் கட்டுகிறவன், மில்லில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். நான் கூப்பிடவில்லை, ருக்குமணிதான் போன் போட்டிருக்கிறாள்.

ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பையப் பாத்துட்ட, பைப்பப் பாத்துட்ட. ஃபேனப் பாத்தியா சென்னி?” என்றான்.

“அது நான் மாட்டுனது.”

“அதனாலதான் கேக்கறேன்.”

சிரிக்கிறான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“எல்லாக் கதவையும் அடைச்சுப்போட்டு தண்ணிக்குழாயில அளந்து பாருப்பா. காத்தே ஓடலைன்னா பைக்கும் பைப்புக்கும் அங்க வேலை இல்ல, ஃபேனோட வண்டவாளம் தெரிஞ்சுபோயிரும். நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான இது?”

“பைதான்டா கோளாறு. எனக்குத் தெரியாதா?”

“உனக்குத் தெரியாதது என்ன இருக்குது” என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். போகும்போது ருக்குமணியிடம் என்னமோ சொன்னான். அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

அக்டோபர் 26, சனி

ருக்குமணி நான்கு நாளாகத் தையல் மெஷினில் உட்கார்ந்து புதுப்பை தைத்திருக்கிறாள். டவுன்ஹால் பக்கம் போய்த் தானே துணி தேடி வாங்கி வந்திருக்கிறாள். தையல் நேர்த்தியாகத்தான் இருக்கிறது. வாங்கி மாட்டினேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் அதே ஆட்டம்.

“துணி மொத்தமாப் போச்சு” என்றேன். அவ்வளவு தடிப்பாகத்தான் இருந்ததா என்று இப்போது யோசித்தால் சொல்லத் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 28, திங்கள்

மாப்பிள்ளை போன். மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிருந்தாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறாராம். பார்க்கட்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பட்டாசுப் புகைக்குப் பயந்து பிருந்தா ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறாளாம். வீடியோவில் பார்த்தோம். முகம் உப்பியிருக்கிறது. “ஷெட்டு சரியாயிருச்சாப்பா?” என்றாள். ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நோட்டு நோட்டுதான்.

காலையில் எல்லாத் தகட்டுக் கதவையும் அடைத்தேன். வளைந்த கண்ணாடிக் குழாயில் குங்குமம் கரைத்த தண்ணீரை ஊற்றி, புளோயர் வாயில் சொருகினேன்; இழுவைக்குத் தக்கபடி தண்ணீர் ஏறும். புளோயரை முதல்முதலாக மாட்டிய அன்று அளந்து சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 190 மில்லிமீட்டர். இன்று தண்ணீர் ஏறியது 80. காற்று ஓடாதபோதே இந்த லட்சணம் என்றால் பையும் காரணமில்லை, பைப்பும் காரணமில்லை, ஃபேன்தான்.

சுவிட்சை அணைத்துவிட்டு மூடியின் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேன் வேகம் குறைந்து நின்றுகொண்டிருந்தது. தலைகீழாகச் சுற்றி நின்றது.

மூடியின் மேல் பச்சைப் பெயின்டைச் சுரண்டினேன். உள்ளேயிருந்து சிவப்பு அம்புக்குறி வந்தது, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. பூஜைக்குப் பெயின்ட் அடிக்கக் கழற்றி, திரும்ப மாட்டியபோது மூன்று ஃபேஸ் ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டிருக்கிறேன். நானேதான். வேறு யாரும் அந்த ஒயரைத் தொடவில்லை. இந்த மாதிரி ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்றை வெளியே தள்ளாது. அதே பக்கம்தான் இழுக்கும், பாதிகூட இழுக்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது. மில்லில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல்நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது!

இரண்டு ஒயரை மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. தண்ணீர் 190-ல் போய் நின்றது. பைப் வாயில் காட்டிய செய்தித்தாள் ஒரு முழுத்தாள் அப்படியே உள்ளே போய்விட்டது.

ருக்குமணி ஓடிவந்தாள். “சரியாயிருச்சுங்களா?”

“ம்.”

“என்னங்க கோளாறு?”

“புதுப்பை இப்பத்தான் படிஞ்சிருக்குது போல” என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நான் கெடுத்தத நானே சரி பண்ணீட்டேன், போங்க” என்றாள்.

நவம்பர் 2, சனி

நாள் முழுக்க ரம்பம் ஓட்டினேன். தட்டில் தூசி இல்லை. பளபளவென்று முகம் தெரிகிறது.

இன்னொரு சோதனையும் செய்தேன். எல்லா மெஷினையும் ஓட்டி, கதவைச் சாத்தி, ருக்குமணியை வெளியே நின்று என்னைக் கூப்பிடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன். கூப்பிட்டிருக்கிறாள், கதவைத் தட்டியும் இருக்கிறாள். சுத்தமாகக் கேட்கவில்லை. ஆக, மெஷின் ஓடினால் வெளியே கூப்பிடுவது கேட்காது. இது சத்தியம்.

இதை ஏன் புளோயர் நோட்டில் எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார், ஜன்னல் கம்பியில் விரல் வைத்துப் பார்த்தார், ஷெட்டில் இழுவையைப் பார்த்து அசந்துபோனார். “மாமா, ஆஸ்பத்திரியாட்ட வெச்சிருக்கறீங்க” என்றார். அவருக்குத் திருப்தி.

பிருந்தா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அரைத் தோசைதான் சாப்பிட்டாள்.

நவம்பர் 4, திங்கள்

ஷெட்டுக்குள் ஒரு சிவப்பு பல்பு மாட்டினேன், பெரிய நூறு வாட். சமையலறையில் ஒரு சுவிட்ச், பிருந்தா படுக்கப் போகும் அறையில் கட்டில் பக்கம் ஒரு சுவிட்ச். அழுத்தினால் உள்ளே பல்பு எரியும், பெல்லும் அடிக்கும். எந்த மெஷின் ஓடினாலும் தெரிந்துவிடும். இருபது தடவை அழுத்திப் பார்த்தேன். ருக்குமணி அதிசயப்பட்டுப் போனாள். “இத அன்னிக்கே போட்டிருந்தா!” என்றாள்.

நவம்பர் 5, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுசாக எழுதவில்லை. எழுதுகிறேன்.

மாப்பிள்ளையும் ருக்குமணியும் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது பிருந்தா தனியாக ஷெட் பக்கம் வந்தாள். கதவுக்கு வெளியிலேயே நின்றாள், படி ஏறவில்லை. வயிற்றில் ஒரு கை. நான் செய்தித்தாளைக் காட்டி, பாரு கண்ணு எப்படி இழுக்குது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

“அப்பா, நான் இங்க இருக்கறப்ப முடியாமக் கூப்பிட்டா, கதவைத் தெறப்பீங்களா?”

“மெஷின் ஓடற சத்தத்துல...” என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு பெல்லு போட்டுடறேன் கண்ணு” என்று முடித்தேன்.

“செரிங்கப்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நவம்பர் 6, புதன்

வேலை ஓடவில்லை. பல்பு நன்றாக எரிகிறது.

நவம்பர் 7, வியாழன்

திருப்பூரிலிருந்து பதில் வரவில்லை. ருக்குமணி ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் போடுகிறாள். “யோசிச்சுட்டிருக்கறனுங்கம்மா” என்று மட்டும் சொல்கிறாளாம். தலைப்பிரசவத்துக்குப் பெண் வராவிட்டால் எந்த முகத்தோடு ஒறம்பரைகளை, சொந்தபந்தத்தைப் பார்ப்பது என்று ருக்குமணி அழுகிறாள். பையைத் துவைத்தது தெரிந்துதான் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விட்டது என்கிறாள். இதற்கும் பை!

யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதினால் நான் மனுஷனே இல்லை. எழுதிவிடுகிறேன்.

பிருந்தாவுக்கு ஒன்பது வயது. அன்று சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மெஷின் ஓடவில்லை. ஒரு பூஜை மாடத்தின் கதவுக்குப் பசை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தேன். பசை காய்வதற்குள் நான்கு கிளாம்ப் இறுக்கியையும் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதவு கோணிக்கொள்ளும். இரண்டு மாட்டியிருந்தேன். அப்போது பிருந்தா கதவைத் தட்டினாள். “அப்பா” என்றாள். கேட்டது. தூசிக்குள் வராதே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள், மிட்டாய்க்காகத்தான் இருக்கும், ஒரு நிமிஷம் நிற்கட்டும் என்று நினைத்தேன். மறுபடி “அப்பா” என்றாள். மூன்றாவது தடவை குரல் பாதிதான் வந்தது. நான் நான்காவது இறுக்கியை மாட்டி, வழிந்த பசையைத் துணியால் துடைத்தேன். துடைத்தேன்! அப்புறம்தான் கதவைத் திறந்தேன். கீழே கிடந்தாள். உதடு நீலம்.

ஆஸ்பத்திரியில் ருக்குமணி “உங்குளுக்குக் கேக்கலீங்களா?” என்று கேட்டாள். வாயில் வந்தது, “மெஷின் ஓடிட்டிருந்துச்சு.” அன்றைக்குச் சொன்னதுதான். அவள் நம்பினாள். ஊர் நம்பியது. பத்தொன்பது வருடம் ஆகிறது.

நவம்பர் 8, வெள்ளி

காலை பஸ்ஸில் திருப்பூர் போனேன். லூர்து வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்தார், மாப்பிள்ளை கம்பெனிக்கு. பிருந்தா முன் அறையில் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துப் பதறி எழுந்திருக்கப் போனாள்.

“உக்காரு அம்மிணி. ஒண்ணுமில்ல.” தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் தைரியம் போய்விடும் போல இருந்தது. “அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“எத்தனை தடவைங்கப்பா?”

“மூணு.”

“மூணுமே கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சு. பசை காஞ்சிரும்னு நின்னுட்டேன்.”

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கத்துவாள், அழுவாள், வெளியே போங்கள் என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

“மெஷின் ஓடலைன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா. வெளிய நின்னவளுக்குத் தெரியாதுங்களா? நீங்க சுத்தியல் வெக்கற சத்தங்கூடக் கேட்டுச்சு. ஆனா ஆஸ்பத்திரியில நீங்க கேக்கலைன்னு சொன்னீங்க. எங்கப்பாவுக்குக் கேட்டிருந்தா வராம இருப்பாரா? அதனால நாந்தான் செரியாக் கூப்பிடலைன்னு நெனச்சுக்கிட்டேன். மூச்சில்லாமக் கூப்பிட்டனே, வாயிலயிருந்து சத்தமே வந்திருக்காதுன்னு.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். இங்ககூட அவர் பக்கத்து ரூமுல இருந்தா ரண்டு தடவை கத்தித்தான் கூப்பிடுவேன். எதுக்கு இப்படிக் கத்தறேன்னு அத்தை திட்டுவாங்க.”

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. நான் ஒரு பொய் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன், அந்தப் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு அது வளர்ந்திருக்கிறது. என் கண்ணெதிரிலேயே வளர்ந்திருக்கிறது.

“நீ நல்லாத்தான் கூப்பிட்ட கண்ணு. நல்லாக் கேட்டுச்சு” என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“போயிட்டு வாங்கப்பா. எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்.”

வந்துவிட்டேன். வாசல் வரை வரவில்லை அவள்.

நவம்பர் 9, சனி

ருக்குமணியை உட்காரவைத்து இரண்டையும் சொன்னேன். முதலில் ஒயரை மாற்றி மாட்டியது நான்தான், பைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். “மூணு வாரம்!” என்றாள். “மூணு வாரம் என்னைய நார் நாராக் கிழிச்சீங்களே. நேத்துக்கூட மாரியாத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.”

அப்புறம் மற்றதைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கையில் இருந்த புளியைக் கீழே வைத்தாள்.

“ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே, என்ற வாயால” என்றாள். “அவ இருக்கறப்பவே சொல்லியிருக்கறனே. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருப்பாளே.”

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. விருந்தின் புளிசாதத்துக்குப் புளி காய்ச்சினாள், தேங்காய் துருவினாள். நான் துருவித் தருகிறேன் என்று கையை நீட்டினேன், தேங்காய்மூடியை அக்கட்டால் தள்ளி நகர்த்திக்கொண்டாள்.

பொழுதோடு, இருட்டும் முன், ஷெட்டில் மெயினை இறக்கி, பூட்டுப் போட்டேன். லூர்துக்கு போன் செய்து ஃபேன் தலைகீழாகச் சுற்றியது என்று சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். “செரி உடு, சென்னி” என்றான்.

பிருந்தா இன்னும் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 11, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

ஏழு வகைச் சாதம் கட்டி, இரண்டு காரில் போனோம். பெண் வருவாளா என்று தெரியாமலே போனோம். ஒறம்பரை யாருக்கும் இது தெரியாது. வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், பாட்டுப் பாடினார்கள். பிருந்தா எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. ருக்குமணி பந்தியில் பரிமாறும்போது என் இலையைத் தாண்டிப் போனாள், வேறு யாரோ வைத்தார்கள். வாயில் வைத்தது என்ன சாதம் என்றே தெரியவில்லை.

கிளம்புகிற நேரம். மாப்பிள்ளை காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிருந்தா படியில் நின்றாள். உள்ளே போனாள். அவ்வளவுதான் போயிற்று என்று நினைத்தேன். தன் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வந்து, பின் சீட்டில் அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கார் கோயமுத்தூருக்குக் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் ஷெட் பூட்டியிருப்பதைப் பார்த்தாள். கட்டில் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைப் பார்த்து எதற்கு என்றாள். ருக்குமணி சொன்னாள். அவள் அதை அழுத்திப் பார்க்கவில்லை.

இன்று காலை பத்து மணி இருக்கும். நான் முன்வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ருக்குமணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து பிருந்தா “அப்பா” என்றாள். ரொம்ப மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி.

எழுந்து ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீராகத்தான் இருந்தது.

“என்ன கண்ணு, என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்லீங்கப்பா. சும்மாத்தான் கூப்பிட்டேன்.”

சரி என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டாள், இன்னும் மெதுவாக. மறுபடி போனேன்.